அகிதாவுக்கு ஒரு நேர்முகம்

கம்பளைக்கு முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருக்கிறது. புசல்லாவையிலிருந்து வந்த எங்கள் பஸ் ஒரு மணி நேரமாக நகரவில்லை. என் பக்கத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண் தர்ஷினி ஓயாமல் நேரம் பார்க்கிறாள். பத்து மணிக்குக் கண்டியில் அவளுக்கு நேர்முகம். ஜப்பானில், அகிதா மாகாணத்தில், முதியோரைப் பராமரிக்கும் வேலை.

"அங்க இளசுங்க எல்லாம் டோக்கியோவுக்குப் போயிட்டாங்களாம். வயலும் வயசானவங்களுந்தான் மிச்சம்."

"பனி கொட்டுமே, தாங்குவீங்களா?"

"கூரையில ஏறி அள்ளிப் போடணுமாம் அக்கா. பழகிக்குவேன்."

சொல்லிக்கொண்டே எழுகிறாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுக்கிறாள். சான்றிதழ்க் கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் இறங்குகிறாள்.

முழங்கால்வரை புதைகிறது. மறுபக்கம் ஓர் ஓட்டோ நிற்கிறது. அவள் அதில் ஏறும்வரை பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறோம்.