எல்லைக்கோட்டில் நின்றவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் நீராவி. பின்னே என்ன? காலையில் உள்ளே நுழையும்போதே புஸ்ஸென்றுதான் நுழைவாள். விரிப்பைக் கோணல்மாணலாக மடித்து வைத்தது யார், தேய்ப்பு இயந்திரத்தைத் துடைக்காமல் போனது யார் என்று ஒரு சுற்று கேட்டு முடித்த பிறகுதான் கைப்பையைக் கீழே வைப்பாள். மேற்பார்வையாளரே அவளைக் கண்டால் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். ஆனால் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. யாரைத் திட்டினாளோ அவளையே இழுத்துக்கொண்டு டீ குடிக்கப் போவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஒரு வாயில்லாப் பூச்சி. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்று போனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், இவர் வெளியே நின்று "இதோ ஆச்சுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பார். கதவு திறந்ததும், என்னவோ இவர்தான் பிடித்து உள்ளே அடைத்த மாதிரி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார்கள். அதையும் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிற இவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதர் வேறு ஆள். அவள் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்த கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில், நிமிர்ந்த நடை. உள்ளூர்க் கால்பந்து லீகில் நடுவர். லீக் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஞாயிறு காலையில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற லீக்தான். நடுவருக்குக் கிடைப்பது ஒரு தண்ணீர்ப் பாட்டிலும், உடை மாற்றிக்கொள்ளத் துடைப்பமும் வாளியும் கிடக்கிற ஓர் அறையும். அதற்கே அவர் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து குஷியாக இருப்பார். பாட்டுக்கூடப் பாடுவார். கேட்கச் சகிக்காது, ஆனாலும் அவள் நிறுத்தச் சொன்னதில்லை.

அவள் மைதானத்துக்குப் போனதே கிடையாது. மருத்துவமனைக்கு ஏது ஞாயிறு? மதியம் வரை வேலை இருக்கும். முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சமைப்பாள். ஒரு மணி வாக்கில் புருஷனும் அவள் தம்பியும் சேர்ந்தே வருவார்கள். தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறான். கடையின் பெயரில் ஓர் அணியையும் நடத்துகிறான், பயிற்சியாளரும் அவனேதான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது இவள்தான். இவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் தம்பி வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போடு அக்கா" என்று தட்டை நீட்டுகிற அந்த ஞாயிற்று மதியம் அவளுக்கு வாரம் முழுக்க ஓடுவதற்கான தெம்பு. "மாமா இன்னைக்கு எங்களைக் கவுத்துட்டாரு அக்கா" என்று அவன் கேலி பேசுவான். புருஷன் தட்டைப் பார்த்தபடி சிரிப்பார். இரண்டு பேரும் எவ்வளவு ஒற்றுமை என்று அவள் பூரித்துப் போவாள்.

இந்த வருஷம் திடீரென்று, இதோடு விசிலைக் கழற்றி வைத்துவிடப் போகிறேன் என்றார். ஏன் என்றதற்கு முட்டி வலி என்றார். அவளும் நம்பித் தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மாடிப்படியில் கருவி மூட்டையோடு ஏறி இறங்குகிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற முட்டி வலி எந்த ஊர் வலி என்று அவளுக்குத் தோன்றாமல் போயிற்று. சனிக்கிழமைப் பாட்டு நின்று போனதுதான் அவளை உறுத்தியது. கடைசி ஆட்டத்தையாவது பார்த்துவிடலாம் என்று அந்த ஞாயிறு விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தம்பியின் அணிக்கும் பேருந்துப் பணிமனை அணிக்கும் ஆட்டம். ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை. இந்த லீகில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் ஒருவரைத்தான் சங்கம் அனுப்பும். எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க ஒவ்வொரு அணியும் தன் ஆள் ஒருவரைத் தர வேண்டும். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தம்பி அணிக்கு எப்போதும் கொடி பிடிக்கிற டயர்க்கடைக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அக்கா வருவதைப் பார்த்ததும் தம்பிக்கு வாயெல்லாம் பல். கொடியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தான். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால் தூக்கு என்றான். "நம்ம பசங்க கால்ல இருக்கிற பந்துன்னா கொஞ்சம் நிதானமாத் தூக்குக்கா" என்று கண்ணடித்தான்.

புருஷன் வந்தார். அவளைப் பார்த்துத் திகைத்தார். வீட்டுக்குப் போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, "பார்த்தா தூக்குங்க. பார்க்கலைன்னா தூக்காதீங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை நீங்க என்றது அன்றுதான். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கயிறு, கயிற்றுக்குப் பின்னால் கூட்டம். முதல் விசில் ஊதியதுமே நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணு தெரியுதா என்றான் ஒருத்தன். லிஃப்டில் மேலயும் கீழயும் போய் மூளை கலங்கிப்போச்சு என்றான் இன்னொருத்தன். அதற்கு மேலே அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சரி, எவனோ பொறுக்கிகள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யார் என்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். வங்கியில் டோக்கன் கொடுக்கும்போது "உட்காருங்கம்மா" என்று சொல்கிற மனுஷன். பக்கத்துத் தெருப் பல் மருத்துவர், ஐஸ்கிரீம் நக்குகிற மகளைத் தோளில் வைத்துக்கொண்டே கத்துகிறார். வாரத்தில் ஆறு நாள் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஜென்மங்கள். இவர்களுக்கு மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் துப்பில்லை. அந்தச் சரக்கையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் தலையில் கொட்டுகிறார்கள். திருப்பிப் பேச மாட்டார் என்கிற தைரியம்தானே? வேறென்ன?

அவள் கை கொடிக்கம்பை முறுக்கியது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டையே பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு ஆளுக்கொரு கோல். பணிமனை அணியின் கோல் அருகே மருந்துக்கடைப் பையன் ஒருவன் தானாகவே தடுக்கி விழுந்தான். பெனால்டி கேட்டுத் துள்ளினார்கள். நடுவரோ அதெல்லாம் இல்லை என்று கையாட்டிவிட்டு ஓடினார். அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. அது கயிற்றுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. பயிற்சியாளர் நிற்கிற இடத்திலிருந்து, அவளுக்கு நாலு எட்டுத் தள்ளி வந்தது.

"ஒரு பிள்ளைக்கு வழியில்லாதவனுக்கு விசில் ஒரு கேடாடா?"

தம்பியின் குரல்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கூட்டம் சிரித்ததைக் கேட்டுத்தான் விளங்கியது. புதிதாக எதையோ கேட்டவர்களின் சிரிப்பு இல்லை அது. வழக்கமான பாட்டின் வழக்கமான வரி வந்ததும் கூடச் சேர்ந்து பாடுகிறவர்களின் சிரிப்பு. அப்படியென்றால் இது இன்றைக்கு முதல் தடவை இல்லை. வாராவாரம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டியிருக்கிறான். அவளும் வாரி வாரிப் போட்டிருக்கிறாள். குழந்தைக்காக மருத்துவமனை மருத்துவமனையாக அவளும் புருஷனும் ஏறி இறங்கியது அவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தவன்தானே இவன்?

நடுவரைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். முட்டி நன்றாகத்தான் மடங்கியது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, வலி எங்கே என்று. அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசையை இந்தப் பயல் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியிருக்கிறான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். மருந்துக்கடை அணிப் பையன் ஒருவன் ஓரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் பறந்தான். அவளும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடவே மூலை வரை ஓடினாள். கோல் கம்பம் இருக்கிற கோட்டைப் பந்து தாண்டியது. முழுசாக, ஒரு சாண் அளவுக்குத் தாண்டியது. பையன் காலை நீட்டி அதை உள்ளே இழுத்து நடுவில் தள்ளினான், இன்னொருவன் அடித்தான், கோல். கூட்டம் ஓவென்று எழுந்தது. நடுவருக்கு முன்னால் ஆறேழு முதுகுகள், பந்து வெளியே போனதை அவர் பார்த்திருக்க வழியில்லை. அவர் திரும்பி எல்லைக்கோட்டைப் பார்த்தார்.

கொடி உயர்ந்திருந்தது.

தம்பி மேலிருந்த ஆத்திரத்தில் தூக்கினாள் என்று பின்னால் ஊரே பேசியது. பேசட்டும். பந்து வெளியே போயிற்று, அவள் பார்த்தாள், தூக்கினாள். தம்பி அவள் வயிற்றில் பிறந்த பிள்ளையாகவே இருந்திருந்தாலும் தூக்கியிருப்பாள்.

விசில். கோல் இல்லை. தம்பி பாய்ந்து வந்தான். முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. கொடியைப் பிடுங்கப் பார்த்தான். "நீ யாரு பக்கம்கா? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கும்? புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து பணிமனைக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கித் தின்னீங்க?" கூட்டம் கை தட்டியது. கணக்கு வாத்தியார் விசிலடித்தார்.

நடுவர் நடுமைதானத்திலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. தம்பிக்கு முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினார். இத்தனை வருஷத்தில் அந்த மைதானத்தில் யாரும் அவர் கையில் அதைப் பார்த்ததில்லை. "கொடி பிடிச்சிருக்கிறவங்களைப் பேசக்கூடாது. வெளியே போ" என்றார். குரல் உயரவே இல்லை. தம்பி போகிற வரை ஆட்டத்தைத் தொடங்க மறுத்துவிட்டார். அவன் கயிற்றைத் தாண்டிப் போனான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, கோப்பை இரண்டு அணிக்கும் பொது என்றாயிற்று.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். வழி நெடுக அவள் வாயைத் திறக்கவில்லை. நீராவி வாயை மூடிக்கொண்டு நடந்தால் அதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். வாசல் வந்ததும் வெடித்தாள்.

"என்னைச் சொன்ன உடனே அட்டை வந்துச்சில்ல? வாராவாரம் உங்களைச் சொன்னானே, அப்ப எங்க போச்சு அந்த அட்டை?"

அவர் பூட்டைத் திறந்துகொண்டே, "உன் தம்பியாச்சேம்மா" என்றார். "வெளியே அனுப்பிட்டா ஞாயித்துக்கிழமை சாப்பிட வர மாட்டானே. நீ காத்துக்கிட்டு இருப்பியே."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பொறுமை பொறுமை என்று இந்த மனுஷனை ஊரே புகழும். இதுவா பொறுமை? அவள் ஒரு வேளை சந்தோஷமாகச் சோறு போடுவதற்காக மனுஷன் வாராவாரம் தன் மானத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நம்ப மாட்டீர்கள், ஒரு மணி வாக்கில் தம்பி வந்தான். முகம் கழுவி, தலை சீவி, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தான். வாசலில் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தபடி, "என்னக்கா, இன்னும் கோபமா? மைதானத்துல நடந்ததை மைதானத்தோட விட்டுடணும். மாமாவுக்கே தெரியும். பசிக்குது, சோத்தைப் போடு" என்றான்.

அவள் கதவை மறித்து நின்றாள்.

"போடுறேன். உன் மாமா உள்ளே தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்காரு. பிள்ளையைப் பத்தி அங்கே ஒண்ணு சொன்னியே, அதை இங்கே வந்து, அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுச் சாப்பிடு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். மாமா தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வாயைத் திறந்தான். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"சொல்லுடா. கூட்டத்துக்கு நடுவுல நின்னு கத்தத் தெரிஞ்சுதுல்ல? இங்கே மூணே பேருதான் இருக்கோம்."

"அக்கா..."

"அக்காவெல்லாம் அப்புறம். முதல்ல சொல்லு."

அவன் குனிந்தான். அவிழ்த்த லேஸைக் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. அப்படியே இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினான். பசியோடு போகிறானே, கூப்பிடு என்று உள்ளேயிருந்து புருஷனின் குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள், அவன் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே. "அதைச் சொன்ன வாய் மன்னிப்புக் கேட்கத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். அப்ப போடுறேன் சோறு."