அப்பா கொடுத்த வேட்டியும் கனாக் குலத்தார் கொடுக்காத சம்மதமும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. கடைசி ஆண்டுகளில் அவர் குணம் மாறி, ஒரு கொண்டாட்டத்துக்கும் வராத மனிதராகிவிட்டார் என்று உறவுகள் பலர் சொன்னீர்கள். இந்த நினைவு மலரில் நான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் வீடு, தோட்டக் காணி, கிணறு மூன்றும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அகதியாக ஜேர்மனிக்கு வந்தார். உணவகத்தில் கோப்பை கழுவியபடியே மொழி படித்தார். பின்னர் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்து, பிராங்பேர்ட்டில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் நில அளவையாளரானார். முன்னறிவித்தல் கொடுத்தால் அளவையாளர் பிறர் காணிக்குள் போக இங்கே சட்டம் இடமளிக்கிறது. அப்படியிருந்தும் மணியடித்துக் கேட்காமல் அப்பா எவருடைய காணிக்குள்ளும் கால் வைத்ததில்லை. "சட்டம் விடும். காணிக்காரன் விட வேணுமே" என்பார்.

அந்த நிறுவனம் அவரை நியூ கலிடோனியாவுக்கு அனுப்பியது. அது பசிபிக்கில் பிரான்சின் ஆட்சியில் உள்ள தீவு; இன்னும் தன்னாட்சி பெறாத ஆட்புலம் என்று ஐ.நா. பட்டியலில் இருப்பது. கனாக் மக்கள் அதன் பூர்வகுடிகள். அவர்களுடைய மலைகளில் நிக்கல் இருக்கிறது. ஒரு நிக்கல் சுரங்கத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதற்கு வழி அளப்பதே அப்பாவின் வேலை.

கனாக் குலமொன்றின் மண்ணுக்குள் போகிறவர், ஒரு துணியை முன்னே வைத்து, தான் யார், எதற்காக வந்திருக்கிறார் என்று சொல்லி அனுமதி கேட்க வேண்டும். கூடப்போனவர்கள் வாகனத்திலிருந்து இறங்கவில்லை. அப்பா இறங்கினார். பெட்டியிலிருந்த புது வேட்டியைக் குல மூத்தவரின் முன் வைத்து, தன் தகப்பன் பெயரையும் ஊரையும் சொல்லி, "அளக்க மட்டும் வந்தேன். உங்கள் சொல் இல்லாமல் தோண்ட மாட்டார்கள்" என்றார். கனாக் சாரதி ஒருவர் மொழிபெயர்த்தார். மூத்தவர் வேட்டியைக் கையில் எடுத்தார்; அளக்க அனுமதி கிடைத்தது.

அன்று தொலைபேசியில் அப்பாவுக்கு ஒரே சந்தோசம். "பிள்ளை, கோயில் கொடியேத்தத்துக்கு வாங்கின வேட்டி சம்பந்திகளிட்டப் போயிட்டுது. பொம்பிளை ஆர், மாப்பிள்ளை ஆர் எண்டுதான் தெரியேல்லை. ஆனா கிழங்கு அவிச்சுத் தந்தவை."

அவர் திரும்பி வந்த பின் நிறுவனம் ஒரு விளம்பர ஏடு அச்சிட்டது. அதில் அப்பா குனிந்து வேட்டியை வைக்கும் படம் இருந்தது. வாகனத்திலிருந்தவர்கள் எடுத்தது. 'மரபுச் சடங்கின் வழியே குலத்தார் சம்மதம் அளித்த தருணம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். அடுத்து, அந்தக் குலத்தின் மயானத்துக்கு நடுவே குழாய்க்கு மண் தோண்டினார்கள். வசனத்தைத் திருத்தும்படி அப்பா கேட்டார். படம் அழகாக வந்திருக்கிறதே என்றார் மேலாளர். அப்பா வேலையை விட்டார். நல்ல வேலையை விட்ட விசரன் என்று பெயர் வந்தது அப்போதுதான்.

அப்பா நடந்ததைக் குல மூத்தவருக்கு எழுதினார். சாரதி மூலம் பதில் வந்தது: "பொய் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் சனத்துக்குத் தெரியுமா? உங்கள் ஊரின் பெயரைச் சொல்லித்தானே துணியை வைத்தீர்கள். அவர்கள் முன்னால் சொல்லுங்கள்."

அதன்பின் அப்பாவுக்கு வேறு விருப்பம் இருக்கவில்லை. இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் சுயநிர்ணய உரிமைக் கூட்டத்தில் பேச, அதன் செயலாளரான சித்தப்பாவிடம் சிறிது நேரம் கேட்டார். நானும் அருகில் இருந்தேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. எங்கட காணியே இன்னும் முழுக்க வரேல்லை. இதுக்குள்ள ஆரோ தீவுக்காரற்ற கதையோ?"

"அவையின்ர காணியும் அவையிட்ட இல்லையடா."

"பிரான்ஸ்காரனைப் பகைச்சுக்கொண்டு நாளைக்கு ஐ.நா.வில ஆரிட்டப் போய் நிக்கிறது? ஏலாது அண்ணை."

கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணைக்கு அங்க ஆரும் பொம்பிளை பாத்து வைச்சிருக்கினமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மறு ஆண்டும் கேட்டார். மறு ஆண்டும் அதே பதில். அதன்பின் அவர் எந்தக் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. பிறகு புற்றுநோய் வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: இறுதி நாட்களில் அப்பாவைப் பராமரித்த தாதியர், அம்மாவைத் தினமும் மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய அயலவர், சாப்பாடு கொண்டுவந்த அக்காமார், இம்மலரின் அச்சுச் செலவை ஏற்ற சித்தப்பா. உள்ளே என்ன வருகிறது என்று அவர் கேட்கவில்லை. எனவே அப்பா கூட்டத்தில் வாசிக்க எழுதியதைச் சேர்த்திருக்கிறேன்.

"வேட்டியை வைத்து நான் கேட்டது அளப்பதற்கு அனுமதி மட்டுமே. தோண்டுவதற்குக் குலத்தார் சம்மதிக்கவில்லை. சம்மதித்தார்கள் என்று அச்சிட்டது பொய். அந்தப் பொய்யில் தெரியும் கை என்னுடையது. சொந்தக் காணிக்குள் போக முடியாத நான், இன்னொருவர் காணி பறிபோகத் துணையானேன். இதை என் சனத்தின் முன் சொல்கிறேன்."

இம்மலரின் ஒரு பிரதி, பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன், அந்தக் குலத்தாருக்குப் போகிறது. வாசித்த உங்கள் அனைவரையும் சாட்சிகள் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறேன். உங்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

– மகள்