முப்பத்தோரு வீடுகளும் நாலு பிரதிகளும்

கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறார், உள்ளே விரலை விட்டு எண்ணுகிறார், மூடுகிறார். சிக்னலில் பச்சை விழுகிறது. வண்டி அடுத்த சந்திப்பைத் தாண்டுவதற்குள் இடது கை மறுபடியும் பைக்குப் போகிறது. புக்கிட் காத்திலிலிருந்து புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இது நாலாவது தடவை. பைக்குள் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் காலியான ஐந்து பென்டிரைவ், இரண்டு மெமரி கார்டு, எதிலும் பொருந்தாத ஓர் இணைப்பு வயர். ஓட்டுகிறவர் திலகவதி. பக்கத்தில், டிவிடி படிக்கும் சின்னக் கருவி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி நான்.

"பயப்படாதீங்கண்ணே. கண்ணு ரோட்டுலதான் இருக்கு, கைதான் பையில."

திலகவதிக்கு நாற்பத்தேழு வயது. மலாக்கா டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் பதிவுக் குமாஸ்தா. அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. மற்ற நேரமெல்லாம் அவர் எதையாவது பிரதி எடுத்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் எடுத்த பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று யாருக்காவது போன் செய்துகொண்டிருப்பார். கல்யாண வீட்டில் மணமக்கள் படத்தைக் காட்டினால், ஜோடிப் பொருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "ரெண்டாவது காப்பி எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார். ஒருமுறை பெண்ணின் தாயார் இதைக் கேட்டு முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. யாராவது கணினியிலிருந்து பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்கினால் தன் பல்லைப் பிடுங்கியதுபோல் முகம் சுளிப்பார்.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. செலண்டாருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டம் கைமாறியது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், ஜனங்கள் ஆளுக்கு ஒரு திசையாகப் போனார்கள். பல வருட மனுக்களுக்குப் பிறகு, தோட்டத்தை வாங்கிய நிறுவனம் ஓரத்தில் கொஞ்சம் நிலம் ஒதுக்கி வீட்டுமனை தருவதாக இறங்கி வந்தது. ஒரு நிபந்தனை: பத்து வருடமாவது அங்கே வேலை செய்து குடியிருந்ததற்குத் தாளில் சாட்சி வேண்டும். சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், தோட்டத்துக் கணக்கரான கிராணி கையெழுத்திட்ட கடிதம், இப்படி எதுவாக இருந்தாலும் சரி, பிரதியும் செல்லும். மனு போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, எட்டு வருடத்துக்கு முன், திலகவதி முப்பத்தோரு குடும்பங்களிடமும் அலைந்து இதையெல்லாம் வாங்கினார். மருத்துவரின் அனுமதியோடு, வேலை முடிந்த பிறகு அந்த அலுவலக ஸ்கேனரிலேயே ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தார். அசல் தாள்கள் கோயில் மண்டபத்து இரும்பு அலமாரிக்குப் போயின. இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தபோது உள்ளே மண்தான் இருந்தது.

"இரும்பு அலமாரி, ரெண்டு பூட்டு. கறையானுக்குச் சாவி வேணாம்லா!" என்கிறார். சிரிக்கவில்லை.

அதிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரதி இருக்கக் கூடாது. நாலு பிரதி, நாலு இடம், நாலு வகை. தன் மடிக்கணினியில் ஒன்று. செலண்டாரில் குஞ்சம்மா வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. சிம்பாங் அம்பாட்டில் ரங்கசாமியிடம் டிவிடியில் ஒன்று. பென்டிரைவில் ஒன்று, தம்பி சுரேனிடம். அக்காவும் தம்பியும் ஒரே வாடகை வீட்டில் இருப்பதால், சுரேன் அதை வீட்டில் வைக்கக் கூடாது, லாரியில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. லாரிக்குக் கூரை வேறு அல்லவா?

இணையத்தில் ஏற்றி வைத்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏத்துனேன்ணே. பழைய போன் நம்பர்ல ஏத்துனேன். அந்த நம்பர் இப்ப யாருகிட்டயோ இருக்கு. உள்ள போவணும்னா அந்த நம்பருக்குதான் ரகசிய எண் அனுப்புவானாம். என் வீட்டுக்குள்ள போக எவன்கிட்டயோ நான் சாவி கேக்கணுமா?" என்று ஹாரனை அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மடிக்கணினி திறக்கவில்லை. உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி. என்கிற சில்லு வகைச் சேமிப்பகம். சுற்றுகிற தட்டு கிடையாது, சத்தம் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. கணினிக் கடைக்காரர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "சண்டை போட்டுட்டுப் போனாக்கூட மனசு ஆறும். இது வாயே தொறக்காம போயிடுச்சி," என்று திலகவதி நொந்துகொண்டார். குடும்பங்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் நிர்மலாதேவி, வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எல்லாக் கோப்புகளும் பெயர்ப் பட்டியலும் தன் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மனை கேட்க வழியில்லை. இவரைப் பற்றி ஒரு சொற்சித்திரம் எழுதலாம் என்று நான் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை காலை. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "காடில ஏறுங்கண்ணே," என்று கார்க் கதவைத் திறந்தார்.

செலண்டாரில் குஞ்சம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், இன்னும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர். நேராக எங்களைச் சாமி மேடைக்கு அழைத்துப் போனார். முருகனுக்கும் மகமாயிக்கும் நடுவில், மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் ஹார்ட் டிஸ்க். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, மேலுறை இல்லாத, செங்கல் கனத்தில் இருக்கும் வகை. அதன் நடுவில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம்.

திலகவதி அதைக் கையில் எடுத்தார். விரல் நகத்தால் சந்தனத்தை மெதுவாகச் சுரண்டினார். கீழே குண்டூசித் தலை அளவில் ஒரு துளை. துளைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது, இந்தத் துளையை மூடக் கூடாது என்று. உள்ளே காற்று போய்வருகிற வழி அது.

"அத்த, இது என்னாத்த?"

"நீதானே சொன்ன, இது முப்பத்தோரு வீட்டு உசுரு, பத்திரமா வையின்னு. உசுர வேற எங்க வைக்கிறது? சாமிகிட்ட வச்சேன். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறப்ப இத மட்டும் விட முடியுமா? நடுவுல சின்னதா ஒரு கண்ணு இருந்துச்சி. அதான் அதோட நெத்தின்னு நெனச்சேன். வருசா வருசம் ஈரத் துணியால சுத்தமா தொடச்சிட்டுதான் புதுசு வப்பேன்."

ஆறு ஆயுத பூஜை. ஆறு ஈரத் துணி. திலகவதி கடன் வாங்கி வந்த கணினியில் வயரைச் செருகி, டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டார். எனக்கும் கேட்டது. டக், டக், டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டக், டக். "தட்டு சுத்துதுண்ணே. ஊசி எடம் தேடுது. எடம் கெடைக்கல," என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். பிறகு வயரைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

"நான் கெடுத்துட்டேனா, திலகா?" என்றார் குஞ்சம்மா. அவருடைய பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மனை வந்தால் முன்னால் ஒரு கறிவேப்பிலை மரம் வைக்க வேண்டும் என்று எங்களிடம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

"ச்சே, இல்லத்த. அதுக்கு வயசாயிடுச்சி. ரோசாக் ஆயிடுச்சி, கெட்டுப்போச்சி, அவ்ளோதான்."

பொய். பசியாறிவிட்டுப் போகச் சொல்லி குஞ்சம்மா இட்டிலியை எடுத்து வைத்தார். திலகவதி நின்றுகொண்டே ஒன்றை விழுங்கிவிட்டு, சாவியைக் குலுக்கியபடி வெளியே போனார். நானும் பாதி இட்டிலியோடு ஓடினேன்.

சிம்பாங் அம்பாட்டில் ரங்கசாமிக்கு ஒரு மிளகாய்த் தோட்டம். தூரத்திலிருந்தே அது கண்ணைக் கூசவைத்தது. வரிசை வரிசையாக நட்ட மூங்கில் குச்சிகளில், கயிற்றில் கட்டிய வட்டத் தட்டுகள் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன. குருவி விரட்ட நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். திலகவதி வண்டியை நிறுத்தாமலே கதவைத் திறந்துவிட்டார்.

"மாமா! என் தட்டு எங்க?"

ரங்கசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "போன மாசம் மைனா தொல்ல தாங்கல பாப்பா. வீட்டுல இருந்த தட்டையெல்லாம் எடுத்துக் கட்டிட்டேன். உன்னோடதுல பேரு ஒன்னும் இல்லியே, பழைய படம்னு நெனச்சேன்."

"கவர்ல எழுதினேனே!"

"கவரு கெடக்குது. தட்டுல ஏன் எழுதல?"

திலகவதி பக்கத்துக் குச்சியில் இருந்த தட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்: பேனா மை தட்டுக்குள் இறங்கிப் பதிவை அரித்துவிடும் என்று எங்கோ படித்தாராம். அந்தப் பயத்தில் தட்டின்மேல் ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

மொத்தம் பதினான்கு தட்டுகள். அவிழ்த்து, துடைத்து, காருக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் யாரோ வீட்டுக் காதுகுத்து. ஒன்றில் சீனப் பாட்டு. மூன்று தட்டுகளில் ஒன்றுமே இல்லை. வெளியே வெயில் கொளுத்தியது. திலகவதியின் கால் பிரேக்கின் மேல் தாளம் போட்டபடியே இருந்தது. ரங்கசாமி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் "இதுவா பாப்பா? இதுவா?" என்று கேட்டார். ஒன்பதாவது தட்டில் கணினி சற்று யோசித்தது. பிறகு வரிசையாகப் பெயர்கள் வந்து நின்றன. நான் சத்தமாகவே கத்திவிட்டேன்.

பிரதி ஏறத் தொடங்கியது. முதல் வீடு, இரண்டாம் வீடு, பத்தாம் வீடு. டிவிடியில் எழுத்து நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும் என்று திலகவதி விளக்கினார். இருபது, இருபத்தைந்து. அவருடைய கால் தாளத்தை நிறுத்தியது. முப்பதாவது வீடு குஞ்சம்மாவினுடையது, அதுவும் முழுதாக வந்தது. அடுத்ததில் கருவி கரகரவென்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. தட்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பு ஓரம் முழுக்கக் கீறல். காற்றில் சுழலும்போதெல்லாம் மூங்கிலில் உரசிய கீறல்.

"கடைசி வீடு யாருது?" என்று கேட்டேன்.

"எங்களுது."

பிறகு அவரே சொன்னார்: "பட்டியல் எழுதறவ தன் வீட்டக் கடைசிலதான் போடணும்ணே. இல்லன்னா ஊரு பேசும்."

ஆறு தடவை முயன்றார். ஏழாவது தடவை கருவி தட்டையே வெளியே தள்ளிவிட்டது. நிர்மலாதேவிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். முப்பது வந்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. முப்பத்தொன்றாவதைப் பெயர் மட்டும் போட்டுத் தரலாமா என்று திலகவதி கேட்டார்.

"முடியாது திலகா. தாள் இல்லாத பேரு ஒன்னு இருந்தாலும் அத வச்சே மொத்தப் பட்டியலையும் சந்தேகப்படுவாங்க. அந்தப் பக்கத்து லாயர் அதுக்குத்தான் காத்திருக்காரு. இருந்தா குடுங்க. இல்லன்னா எடுத்துடுங்க."

இன்னும் ஒரு பிரதி இருந்தது. அவர்கள் குடியிருக்கும் தாமானுக்கே, அந்த வீட்டு வரிசைக்கே, திரும்பினோம். ஐந்து மணிக்கு சுரேனின் லாரி வந்து நின்றது. நாற்பது வயது, நல்ல உடம்பு, அக்காவைக் கண்டால் மட்டும் கொஞ்சம் குறுகுகிற ஆள். பென்டிரைவ் லாரியிலேதான் இருந்தது. ரேடியோவில் செருகியபடி, பாடிக்கொண்டு.

"எடம் பத்தலக்கா. ஜொகூர் வரைக்கும் ஓட்டறப்ப தூக்கம் வருது. உள்ள என்னென்னமோ பேப்பரு படம் இருந்துச்சி, உன்கிட்டதான் இன்னும் மூணு காப்பி இருக்கேன்னு அழிச்சிட்டேன்."

நாலு பேரில் பிரதிகளைக் கணக்கு வைத்து நடந்துகொண்டவர் இவர் ஒருவர்தான். திலகவதி கை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே நீட்டிப் பென்டிரைவைப் பிடுங்கினார். அவர் எதையும் வெடுக்கென்று பிடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டார். காலையில் தெரிந்துவிடும் என்று என்னை அனுப்பி வைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோது மேசையில் முப்பது கோப்புகள் அச்சாகி, கட்டாகி, சிவப்பு நாடா போட்டுத் தயாராக இருந்தன. கணினித் திரையில் மென்பொருள் மீட்டுக் கொடுத்தவை வரிசையாக நின்றன. நானூற்றுப் பதினேழு பாட்டு. அவர்கள் அப்பாவின் சம்பளச் சீட்டில் ஒரு மூலை மட்டும் கிடைத்திருந்தது. தேதி இருக்கும் மூலைகூட இல்லை. சுரேன் சுவரோரம் நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லை. வாடகை வீட்டுக்காரர் அடுத்த வருடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் என்பதை எனக்கு அவர்தான் மெல்லிய குரலில் சொன்னார். எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சந்தனத்தின்மேலா, மைனாவின்மேலா?

பெயர்ப் பட்டியல் மேசை நடுவில் கிடந்தது. ஒரே தாள், முப்பத்தோரு வரி.

"அப்படியே குடுத்துடுக்கா," என்றார் சுரேன். "முப்பத்தொன்னுல ஒன்னு. யாரு எண்ணிப் பாக்கப் போறா? நாம அங்க பொறந்தது பொய்யா?"

திலகவதி இழுப்பறையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். கடைசி வரியின்மேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, பேனாவால் ஒரே கோடாக இழுத்தார். பிறகு தாளை முகத்துக்கு நேரே தூக்கி, மேலே இருந்த குஞ்சம்மாவின் பெயரில் மை படாதபடி, கோடு காயும் வரை ஊதிக்கொண்டிருந்தார்.