நான் அடித்த பெயர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷின் பக்கம் போனாலே "பாத்து மேடம், சுடிதார்ல கிரீஸ் பட்டுடப் போவுது" என்று கிண்டல் பண்ணிய ஃபிட்டரிடம், "சுடிதார் என்னுது, கிரீஸ் கம்பெனிது, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டவள். பதினாறு வருஷத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் உதவி மேலாளர் ஆனதே இந்த வாயால்தான் என்று வீட்டில் சொல்வார்கள். பெண்களுக்காக வாதாடுகிறவள் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அதை நானும் நம்பினேன்.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யும் ஆலை. வருஷத்தில் எட்டு நாள் எல்லா மெஷினையும் நிறுத்தி, பிரித்து, பழுது பார்த்து, திரும்பப் பூட்டுவோம். ஷட்டவுன் என்போம். எங்கும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. ஷட்டவுன் பார்த்த டிரெய்னியைத்தான் மெயின்டனன்ஸில் நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களை ஸ்டோருக்குத் தள்ளிவிடுவார்கள்.

அந்தப் பெண் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து எங்களிடம் டிரெய்னியாக வந்தாள். பெரியபாளையம் பக்கத்துக் கிராமம். அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு லோடு ஏற்றுகிறவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஓடுகிற மெஷின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றுவிட்டு, "மூணாவது ரோலர் பேரிங் போவப் போவுது மேடம்" என்பாள். இரண்டு நாளில் போய்விடும். அவளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். அந்தக் காது எனக்கு இல்லை.

ஷட்டவுனில் மெஷினுக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் மின்சாரப் பெட்டியில் தன் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே. அதற்கென்றே அவள் ஸ்டுடியோவுக்குப் போய், ஹெல்மெட்டோடு போட்டோ எடுத்து வந்து காட்டினாள்.

"முகமே தெரியலையே" என்றேன்.

"அதனால இன்னா மேடம்? உங்கள உட்டா இங்க பொண்ணு வேற யாரு கீறாங்க?" என்று சிரித்தாள்.

ஷட்டவுனுக்கு ஆள் லிஸ்ட் போடுவது என் வேலை. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணும் இருக்குதா? சரி, உங்க இஷ்டம் மேடம்" என்றார். நிஜமாகவே என் இஷ்டத்துக்குத்தான் விட்டார். யார் மீதாவது பழி போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

ஷட்டவுன் வேலை நடக்கிற பாய்லர் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, ஆபீஸ் வரைக்கும் போய் வர நேரமும் இருக்காது. என் முதல் ஷட்டவுனில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்து, ஏழாம் நாள் காய்ச்சலோடு திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் படுத்தேன். சிறுநீர்த் தொற்று. ஆலையில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அது நினைவுக்கு வந்தது. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடு வேண்டாம், அவள் டிரெய்னிங்கை ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லலாம், அதற்குள் கழிப்பறை கட்ட வைக்கலாம் என்று நானாகவே முடிவு பண்ணி, பேனாவால் அவள் பெயரை அடித்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் வந்து நின்றாள். "மேடம், லிஸ்ட்ல என் பேரக் காணோம். டைப் பண்ணும்போது உட்டுட்டாங்களா இன்னா?"

நான்தான் எடுத்தேன் என்றேன். காரணமும் சொன்னேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எங்கம்மா நாள்பூரா சேத்துல நின்னு நடவு நட்டுச்சி மேடம். வயல்ல எவன் பாத்ரூம் கட்டிக் குடுத்தான்? அந்தக் காசுலதான் நான் படிச்சேன்." துடைப்பதை நிறுத்தினாள். "என்னான்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

எங்கள் வீட்டிலும் நெல் வயல் உண்டு. நடவுக்குப் பெண்கள் வருவார்கள், மாலையில் போவார்கள். அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

லிஸ்ட் அதற்குள் மேலே போய்க் கையெழுத்தாகியிருந்தது. மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன், நடக்கவில்லை. ஷட்டவுன் பார்க்காதவளுக்கு எதற்கு நீட்டிப்பு என்று அதையும் மறுத்துவிட்டார்கள். ஸ்டோரில் இடம் கொடுத்தார்கள், அவள் வேண்டாம் என்றாள். கடைசி நாளில் ஷூவையும் ஹெல்மெட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்க்காமலே போனாள். இப்போது பெரியபாளையத்தில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறாளாம். அந்தப் பக்கம் போகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த வருஷமே சண்டை போட்டுக் கழிப்பறை கட்ட வைத்தேன். என் வீட்டில் இருப்பதைவிடச் சுத்தமாக இருக்கும். உபயோகிக்கத்தான் என்னைத் தவிர ஆள் இல்லை.

இந்த வருஷம் இரண்டு பெண்கள் டிரெய்னிகளாக வந்திருக்கிறார்கள். போன வாரம் கூப்பிட்டு, லிஸ்டைத் தொடுவதற்கு முன்பே, "ஷட்டவுனுக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். கேட்கிற பாடத்தையாவது கற்றுக்கொண்டேனே என்று நினைத்தேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொண்ணுங்கள ஷட்டவுன்ல போட மாட்டாங்களே மேடம். சேந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"எவன் சொன்னான்? யார் போட்ட ரூல் அது?" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

அதில் சின்னவள் பயந்துபோய் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். மற்றவள்தான் சொன்னாள்.

"நீங்க போட்டதுதான்னு சொன்னாங்க மேடம். எங்க நல்லதுக்குத்தானாம்."