டீ கிளாஸும் மகளின் பாஸ் மார்க்கும்

இன்று சூளகிரி பஸ்ஸில், இன்ஜினியரிங் படிக்கும் மகளிடம் கம்பெனிப் பெருமை அளந்துகொண்டிருந்தேன்.

"ஏசி குளிர் பத்தலைன்னா, சென்சார் கிட்ட சூடான டீ கிளாஸை வெச்சிருவோம். ரூமே சூடுன்னு நம்பி ஜில்லுனு ஓடும்."

அவள் சிரிக்கவில்லை.

"ஃபீட்பேக்குங்கறது அதாம்ப்பா. சென்சார் பொய் சொன்னா, நல்ல மிஷினும் தப்பாத்தான் ஓடும்."

"பரவால்லையே, பாடம் மண்டையில ஏறியிருக்கே!"

"அந்தப் பேப்பர்லதான் அரியர்ப்பா. நீங்க கத்துவீங்கன்னு பாஸ்னு சொல்லிட்டேன்."

கத்தத்தான் வாயெடுத்தேன். முன்சீட்டுக் கம்பியை அவள் இறுக்கிப் பிடித்திருந்தது கண்ணில் பட்டது.

"மறுபடி எழுதிக்கலாம் சாமி. எங்கிட்ட மறைக்காத" என்றேன்.

குருபரப்பள்ளி தாண்டும்வரை அழுதாள்.

உங்கள் பிள்ளைகள் மார்க்கை உள்ளபடி சொல்கிறார்களா? அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். நானும் நேற்றுவரை 'ஆமாம்' என்றுதான் எழுதியிருப்பேன்.