அண்ணிக்குத் துணையாகப் போன நாட்கள்

அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தபோது நான் கணவரோடு வாழ முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிடவில்லை. சித்தப்பா மகளைக் கூப்பிட்டார்கள். நான் மண்டபத்தின் பின்கட்டில், தேங்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது கல்யாணப் பெண் மாலையோடு அங்கே வந்து நின்றாள். கண்டமங்கலத்துப் பெண். பஸ் ஏறிப் பாண்டிச்சேரி காலேஜில் படித்தவள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

"நீதான பாப்பா? உன்ன எங்கெல்லாம் தேடறது? மூணாவது முடிச்சு லூசா இருக்குது. கொஞ்சம் இறுக்கி வுடு, அப்புறம் உங்க அண்ணன் அவுந்து போயிட்டாருன்னு என்னத்தான் சொல்லுவாங்க."

முடிச்சு கெட்டியாகத்தான் இருந்தது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். இழுத்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களாக நான் சிரித்ததில்லை. அண்ணி என்றதும் இன்றும் எனக்கு அந்த முகம்தான், சாந்துப் பொட்டு கரைந்து மூக்கு வரை வழிந்திருந்த முகம்.

எங்கள் அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். அம்மா இறந்த பிறகு வீட்டில் தேவைக்கு மேல் யாரும் பேசுவதில்லை. அந்த வீட்டுக்குள் அண்ணி தன் குரல்களோடு வந்து சேர்ந்தாள். மண்டிக்கு வருகிற பெண்கள், பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர், மீன்காரம்மா, எல்லோரும் அவள் தொண்டையில் இருந்தார்கள். ஆனால் யாரையும் கிண்டல் செய்கிற மாதிரி இருக்காது. அவர்கள் எதற்காக அப்படிப் பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது போல இருக்கும்.

அவளோடு காலேஜ் நாடகத்தில் நடித்த ஒரு தோழி அப்போது மெட்ராஸ் டி.வி. நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணியையும் வரச் சொன்னாள். அண்ணனுக்குச் சம்மதம். அப்பா மட்டும் வாசல் பக்கம் பார்த்தபடி, "வூட்டுப் பொண்ணு தனியா மெட்ராசுக்குப் போறதெல்லாம் ஆவாது" என்றார்.

"தனியா எங்க மாமா போறேன்? பாப்பா கூட வருதே" என்றாள் அண்ணி. என்னை அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது, தெருவில் இறங்காமல் இருந்த என்னை வெளியே கொண்டுவர அவளுக்கு அதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது என்று.

காலை முதல் பஸ்ஸில் போவோம். புளிச்சோறு கட்டிக்கொள்வோம். ஸ்டுடியோவின் குளிரில் நான் ஒரு மூலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் காலத்தில் டி.வி. நாடகங்களில் பெண்ணுக்கென்று நகைச்சுவை தனியாகக் கிடையாது. குண்டாக இருந்தால் கீழே விழுவாள், கறுப்பாக இருந்தால் பவுடர் பூசுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அண்ணிக்கும் முதலில் விழுகிற வேஷம்தான் வந்தது. கணவன் ஆபீஸ் நண்பர்களுக்குக் காபி கொண்டுவரும்போது அவள் தடுக்கி விழ வேண்டும். நண்பர்கள் சிரிக்க வேண்டும். அவள் வெட்கப்பட்டு எழுந்து உள்ளே ஓட வேண்டும்.

அண்ணி தயாரிப்பாளரிடம் போனாள். நரைத்த தாடி வைத்த, சிடுசிடுப்பான மனிதர்.

"சார், நான் வுழறேன். ஆனா எழுந்து ஓடல. வுழுந்த எடத்துலயே குந்திக்கினு எங்க வூட்டுக்காரர ஒரு பார்வ பாக்குறேன். போதும் சார்."

"அதுல என்னம்மா சிரிப்பு?"

"ஒருவாட்டி பாருங்க சார். நல்லால்லன்னா ஓடிடறேன்."

விழுந்தாள். காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கணவனாக நடித்தவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்த நண்பர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கணவனுக்குக் கை காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது அண்ணி, தரையில் சிந்திக் கிடந்த காபியைக் காட்டி, "சக்கர பத்துச்சாங்க?" என்றாள். கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிப்போய், எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. தாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.

அதன் பிறகு அவளுக்கென்றே ஒரு சின்ன நிகழ்ச்சி கொடுத்தார்கள். எழுதியதும் அவளே. அப்படி ஒரு பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் டி.வி.யில் பார்த்ததில்லை. எங்கள் பேச்சையே பேசினாள். அது வரும் மாலையில் திண்டிவனத்தில் மூங்கில் கழி கட்டி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, திரையில் கொட்டும் புள்ளி மழைக்கு நடுவில் அவள் முகத்தைத் தேடுவார்கள். அப்பா மட்டும் அந்த நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

ஒருநாள் திரும்பி வரும்போது, மதுராந்தகம் ஏரியைப் பஸ் தாண்டிக்கொண்டிருந்தது. அண்ணி வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"பாப்பா, நம்ம வூட்டுக்குத் துக்கம் விசாரிக்க வராங்களே, அவங்கள வெச்சி ஒண்ணு பண்ணட்டுமா?"

நான் திரும்பி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அழுவார்கள், காபி குடிப்பார்கள், நான் அழுகிறேனா என்று பார்ப்பார்கள்.

"என்னைக் காட்டாதீங்க அண்ணி" என்றேன்.

"உன்ன ஏன் காட்டறேன்? நீ வரவே மாட்ட. மூடின கதவு ஒண்ணுதான். உனக்கு வேணாம்னா வேணாம். அதோட வுட்டுடறேன்."

செங்கல்பட்டு தாண்டி வந்த அலுப்பில் பஸ் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. மேல்மருவத்தூர் வந்தபோது, "பண்ணுங்க" என்றேன்.

அந்த நிகழ்ச்சியில் அவள் துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியம்மா. மூக்கைச் சிந்திக்கொண்டே முறுக்கு தின்றாள். "பொண்ணு உள்ள அழுவுதா? சத்தமே கேக்கலியே" என்று மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டு, ஏமாந்துபோய் வந்து இன்னொரு முறுக்கு எடுத்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசியில் அந்தப் பெரியம்மா முறுக்கைக் கையில் வைத்தபடி சும்மா இருந்தாள். பிறகு கதவைப் பார்த்து மெதுவாக, "நீயாவது திரும்பி வந்துட்ட. நான் வரல" என்றாள். உடனே தட்டை நீட்டி, "இன்னும் இருக்குதா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து எங்கள் சொந்தப் பெரியம்மாவே வந்து இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகுவது முதல் மூக்கைச் சிந்துவது வரை அண்ணி செய்தது அவளைத்தான் என்று ஊருக்கே தெரியும். அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்தாள். காபியை வேண்டாம் என்றாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னியே, நான் வரலன்னு. அத யாரு உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல அத்தே" என்றாள் அண்ணி. "போனவாட்டி வந்தப்ப பாப்பா ரூமு வாசல்ல கொஞ்ச நேரம் சும்மா நின்னீங்க. அப்ப உங்க மொகத்தப் பாத்தேன்."

அண்ணி பெரியம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். கடைசியில் பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"சாப்ட்டியாம்மா?" என்றாள்.

அவ்வளவுதான். பாவம் என்று சொல்லவில்லை, தலையெழுத்து என்று சொல்லவில்லை. நான் சாப்பிட்டேன் என்றேன். "அப்டின்னா எனக்குக் கொஞ்சம் போடு" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அண்ணியைப் பார்க்க வந்தவர்கள்.

சினிமாவிலும் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நாள் போனாள். கதாநாயகன் அவளை எட்டி உதைக்கிற காட்சி. "வலிக்காத மாதிரிதான் உதைப்பாரு பாப்பா. ஆனா ஏன் உதைக்கிறாருன்னு கேட்டா யாருக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு மறுநாள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டி.வி.யிலேயே பல வருஷம் இருந்தாள். தொடர் நாடகங்கள் வந்த பிறகு அண்ணனும் அவளும் மெட்ராசுக்கே குடிபோனார்கள். எனக்கு விழுப்புரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் வேலை கிடைத்தது. அப்பாவை நான் என்னோடு அழைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அண்ணிக்குச் சொல்லி அனுப்பியதும் படப்பிடிப்பிலிருந்து அப்படியே ரயில் ஏறிவிட்டாள். முகத்தில் பாதி மேக்கப் இருந்தது. வார்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தார்கள். ஊசி போட வந்த நர்சு, "தாத்தா, இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

"எம் மருமவ" என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணு வுடாம பாத்திருக்கேன்" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எங்க மாமா பாத்தீங்க? நான் டி.வி.ல வந்தாலே வெளிய போயிடுவீங்களே?"

"ரேடியோ ரிப்பேர் கடயில. நின்னுக்கினு" என்றார். "வூட்ல குந்திப் பாத்தா நீ என் மொகத்தப் பாத்து எதனா கண்டுபுடிச்சிடுவ."

எந்த மேடையிலும், எந்தக் கேமரா முன்னாலும் அண்ணி வசனம் மறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள், மறுபடியும் சரிசெய்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, நர்சு கொண்டுவந்த கஞ்சியை ஆற்றி அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.