நாற்பதாம் நாள் ஃபோல்டர்

டோன்காவின் வாய்க்குப் பயந்தே எங்கள் ஊரில் சிலர் சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். செத்தால் படம் அவள் கைக்குத்தானே போகும்.

டான்யூப் ஆற்றங்கரையில், பேருந்து நிலையத்தை ஒட்டி மில்கோவின் அச்சுக்கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரப்படும் என்று பலகை சொல்கிறது. கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊரில் யார் மிச்சம்? இளசுகள் எல்லாம் ஸ்பெயின், ஜெர்மனி என்று கிளம்பிப் போயாயிற்று. அடிப்பதெல்லாம் அஞ்சலித் தாள்தான், அடிப்பவள் அங்கே வேலை பார்க்கும் டோன்கா. ஆள் போனவுடன் ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். மேலே படம், பெயர். கீழே ‘துயரத்தில்’ என்று போட்டுக் குடும்பத்தார் பெயர்கள். செத்தவர் வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்ட வேண்டும். ஒட்டியதைக் கிழிக்கக் கூடாது, பாவம். மழையாகப் பார்த்துக் கரைத்தால்தான் உண்டு.

ஆனால் டோன்கா ஒட்டினால் மழையின் ஜம்பம் பலிக்காது. மாவுக் கஞ்சியில் தச்சுப் பசையைக் கலந்து அவளே காய்ச்சுவாள். “கதவு உளுத்துப் போகும், என் காயிதம் போகாது” என்று மார்தட்டிக்கொள்வாள்.

வருகிறவர்களை அவள் படுத்திய பாடு இருக்கிறதே! புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு ஒருத்தி படம் நீட்டினால், “இந்த மூஞ்சியா? மேல வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. வேற இருக்கா?” என்பாள். எங்கள் ஊர்க் கிழடுகளுக்குத் தங்கள் படத்தைத் தாங்களே முன்கூட்டித் தேர்ந்து கடையில் கொடுத்துவைக்கும் பழக்கம் உண்டு. அவர்களிடம், “சீக்கிரம் ஆகட்டும் தாத்தா, படம் பழசாகுதுல்ல” என்பாள். கடையே சிரிக்கும். வாங்கிக்கட்டிக்கொண்டவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொன்று விழும்.

விதா என்பவளின் புருஷன் மருந்துக்கடைக்காரியோடு ஓடிப்போனான். அம்மாவின் வருஷத் தாளுக்காக விதா வரிசையில் நின்றபோது டோன்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்: “ஏண்டி விதா, அவன் செத்திருந்தாலாவது நான் அழகா ஒரு தாள் அடிச்சுக் குடுத்திருப்பேன். ஓடிப்போனவனுக்கு எதை அடிக்கிறது?” விதாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் என்ன செய்தாளோ.

இப்படிப் பேசுகிறவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. அவள் புருஷன் கமென் ஓடிப்போனவன் இல்லை. ஸ்பெயினில் ஆரஞ்சுத் தோட்டத்தில் மேஸ்திரி. ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறான். கிறிஸ்துமஸ் வந்தால் முழுப் பன்றித்தொடை உப்புக்கண்டம் அனுப்புகிறான். அடுத்த வருஷம் வந்துவிடுவான். இதெல்லாம் டோன்கா சொன்னது.

கமென் போய் இருபது வருஷம் ஆகிறது. பேச்சு நின்று பாதிக்கு மேல். அவன் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண்குரல் ஸ்பானிய மொழியில் எதையோ ஒப்பித்துவிட்டுக் கட் ஆகும். டோன்கா அந்தச் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் பால்கனியில் நின்று, “சாப்பிட்டியா? குளிருக்குப் போட்டுக்கோ” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். உப்புக்கண்டத்தை மாவட்டத் தலைநகரில் வாங்கி, விலைச் சீட்டை வெந்நீர் வைத்து உரித்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒரு துண்டு அறுத்துக் கொடுப்பாள். இந்த ஒரு பொய்தான் அவளுடைய சொத்து. அது போனால் விதா நின்ற இடத்தில் அவள் நிற்க வேண்டும். அவளால் அது ஆகாது.

நவம்பரில் ஆன்மாக்கள் சனிக்கிழமை வரும். ஊரே அவித்த கோதுமையோடு கல்லறைக்குப் போகிற நாள். அதற்கு முந்தின வாரம் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வாரமாகப் பார்த்துத்தான் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது.

மில்கோவின் மருமகள் நெவேனா ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். அங்கிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து வைத்தாள். அதில் எதைத் தொட்டாலும் ஜெர்மன். போதாததற்கு இரண்டாவது திரை ஒன்றையும் மாட்டி, கடைக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி திருப்பிவைத்தாள். அடிக்கப்போகிற தாளை அதில் காட்டினால் அவர்களே பிழை பார்த்துவிடலாமாம்.

“இந்தாங்க அத்தை. மெயில்ல வந்த படம், போன்ல வந்த விவரச் சீட்டு எல்லாத்தையும் இறக்கி ஒரே இடத்துல கொட்டியிருக்கேன். டவுன்லோட்ஸ்னு பேரு. மதியத்துக்குள்ள ஃபோல்டர் ஃபோல்டராப் பிரிச்சு வைங்க.”

“எனக்கு நீ சொல்லித் தர்றியாடி? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நான் பொணத்தைப் பிரிச்சு வச்சவ.”

“பிரிச்சீங்க, பிரிச்சீங்க. பழைய மெஷின்ல மேல பாதி கீழ பாதின்னு இறைச்சு வச்சிருந்தீங்களே, கோழி கிளறின குப்பை மாதிரி. உங்களால ஆகலைன்னா சொல்லுங்க, நானே உக்காந்துக்கறேன்.”

நெவேனாவுக்கு அந்த நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண். டோன்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் படித்துப் பார்த்து வேலை செய்தவள் அல்ல. பழைய கம்ப்யூட்டரில் எது எங்கே என்பது கைக்குத் தெரியும். வலது பொத்தானை அமுக்கினால் பட்டியல் விழும். அதில் எத்தனையாவது வரி எதைச் செய்யும் என்று விரல் மனப்பாடம் பண்ணியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழிப்பாள். இந்தச் சனியனில் பட்டியல் விழுந்தது, ஆனால் அது வேறு பட்டியல். நெவேனாவிடம் கேட்கலாம். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஆனாலும் ஃபோல்டர் போட ஒரே பார்வையில் கற்றுக்கொண்டாள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று பெயர் வைத்தாள். முன்கூட்டிப் படம் கொடுத்த உயிருள்ளவர்களுக்குக் ‘காத்திருப்போர்’ என்று ஒன்று. ஒவ்வொரு முகமாகத் திறந்து பார்த்து, இழுத்து இழுத்துப் போட்டாள். “வா ராசா, நீ ஆறாம் மாசம். நீ இன்னும் சாகலையா? சரி, காத்திரு.” விதாவும் இன்னும் இரண்டு பெண்களும் தங்கள் தாளுக்காகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நெவேனா சிகரெட் பிடிக்க வெளியே போனாள்.

அப்போது ஒரு படம் திறந்தது. பிறந்தநாள் கேக்கோடு ஒரு மேஜை. நடுவில் கமென்.

தலை வழுக்கை. வாய் நிறையப் புதுப் பல். ஒரு சிவத்த பொம்பளை அவன் தோளில் கை போட்டிருந்தாள். இந்தப் பக்கம் வளர்ந்த பெண், அந்தப் பக்கம் மீசை அரும்பிய பையன். இரண்டுக்கும் கமெனுடைய காது. அதோடு வந்த சீட்டையும் திறந்தாள். ‘கமென் பெல்செவ். நாற்பதாம் நாள். துயரத்தில்: மனைவி பிலார், மகள் இனெஸ், மகன் ரூபென்.’

டோன்காவுக்கு அழுகை வரவில்லை. அவன் செத்தது அவள் மனசில் இரண்டாவதாகத்தான் ஏறியது. முதலில் ஏறியது பெஞ்சில் இருக்கிற விதா.

சீட்டை மூடினாள். படத்தின் மேல் வலது பொத்தானை அமுக்கினாள். பட்டியல் விழுந்தது. பழைய கம்ப்யூட்டரில் அழிக்கிற வரி எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் விரல் போய்ச் சொடுக்கியது. ஒன்றும் ஆகவில்லை. படம் அங்கேயேதான் இருந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் ஒன்றும் ஆகவில்லை.

அவளுடைய திரையில்தான் ஒன்றும் ஆகவில்லை. அந்த வரி படத்தை அழிக்கிற வரி இல்லை, படத்தைத் திரை முழுக்கப் பின்னணியாக விரிக்கிற வரி. அவள் பக்கத்தில் ஃபோல்டர்கள் மறைத்துக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் பக்கத் திரையில் மறைக்க எதுவுமில்லை. அங்கே கமென், சிவத்த பொம்பளை, பிள்ளைகள், கேக் எல்லாம் ஜன்னல் அகலத்துக்கு மலர்ந்து நின்றன.

விதா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் கமெனைத் தெரியும்.

டோன்கா படத்தை இழுத்துக் ‘காத்திருப்போர்’ ஃபோல்டருக்குள் தள்ளினாள். உயிருள்ளவர்களோடு கிடக்கட்டும். யாரும் தேடமாட்டார்கள். ஒரு நிமிஷம் நிஜமாகவே மூச்சு வந்தது, பாவம். அந்தப் பக்கத் திரையில் கமென் அப்படியேதான் நின்றான்.

“டோன்கா,” என்றாள் விதா, குரலில் தேன் ஒழுக. “உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? ஞாயித்துக்கிழமை பேசினாரா?”

“பேசாம என்ன? போனை வைக்கவே விடலை. எனக்குக் கால் கடுத்துப் போச்சு.”

“அங்க தனியாத்தானே இருக்கார்? சாப்பாட்டுக்கெல்லாம் என்ன பண்றார்?”

“தானே பொங்கித் தின்னுக்கறார். கமெனுக்கு என் கை இல்லாம வேற எவ கையும் ஒத்துக்காது.”

இரண்டாவது பெண் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூன்றாமவள், “பல்லெல்லாம் கட்டிக்கிட்டாராமே?” என்றாள்.

“பல்லா? யாரு சொன்னது? அவருக்குப் பல்லு இரும்பு.” டோன்கா சிரித்தாள். “கிறிஸ்துமஸுக்கு வர்றாரு, அப்ப வாயைத் திறந்து எண்ணிக்கோ. விதா, உன் புருஷன் வாயைத்தான் இப்ப மருந்துக்கடைக்காரி எண்ணிட்டு இருக்கா, என்ன?”

“ஆமா டோன்கா,” என்றாள் விதா. “ஆமா.”

நெவேனா உள்ளே வந்தாள். வாடிக்கையாளர் திரையைப் பார்த்து நின்றாள்.

“யாரு அத்தை இதைத் தூக்கி முன்னால போட்டது? நாற்பதாம் நாள் கேஸ். சரி, எடுத்ததுதான் எடுத்தீங்க, முதல்ல இதை அடிங்க. அவரோட பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணிருச்சு.”

டோன்கா கவுண்டரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். பெஞ்சில் இருந்த மூவரும் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

“எந்தக் கதவுல ஒட்டணுமாம்?” விதா நெவேனாவிடம் கேட்டாள்.

“ஆத்தங்கரைத் தெருவுல ஏதோ கடைசி வீடு. அப்பா பொறந்த வீடாம்.” நெவேனா கல்யாணமாகி வந்தபோது கமென் ஊரில் இல்லை, முகம் தெரியாது; சீட்டில் பெயரை அவள் படிக்கவில்லை, அது டோன்காவின் வீடென்று யோசிக்கவும் இல்லை. “அங்க யாராவது இருக்காங்களா, சொல்லிட்டு ஒட்டணுமான்னு கேட்டேன். யாருமில்ல, சும்மா பூட்டிக் கிடக்குன்னு அப்பா சொல்லுவார்னு சொன்னா.”

மில்கோ உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தான், விஷயம் புரிந்தது, கதவைச் சாத்திக்கொண்டான்.

“இப்பத்தான் தெரியுது,” என்றாள் விதா, எழுந்து. “ஓடிப்போனவனுக்கும் தாள் அடிக்கலாம் போலிருக்கே. அடி டோன்கா. நான் பாத்துட்டு இருக்கேன்.”

டோன்கா அடித்தாள். வேறென்ன செய்வாள்? மேஜையை வெட்டினாள், கேக்கை வெட்டினாள், பிள்ளைகளை வெட்டினாள், அந்தப் பொம்பளையை வெட்டினாள். தோளில் இருந்த கை மட்டும் போகவில்லை. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் ஒரு நொடியில் துடைத்திருப்பாள். இதில் எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. நெவேனாவிடம் கேட்கவும் முடியவில்லை. சிவப்புச் சாயம் பூசிய நாலு விரலோடு தாள் அச்சாகி வந்தது.

“நீ உக்காரு. நானே ஒட்டிட்டு வர்றேன்,” என்று விதா பசை வாளியை எடுத்தாள். “எங்கம்மா தாளை நீ கோணலா ஒட்டினே. நான் நேரா ஒட்டறேன்.” மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். தங்கள் தாள்களை மறந்துவிட்டே போனார்கள்.

டோன்கா வீடு திரும்பியபோது கமென் கதவு நடுவில் நேராக நின்றான். தெருவில் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு நகத்தைக் கொடுத்தாள். வரவில்லை. கத்தியைக் கொண்டுவந்து சுரண்டினாள். அவள் காய்ச்சிய பசைதானே, லேசில் விடுமா? முகம் பாதி போயிற்று, பெயர் போயிற்று. தோளும் விரலும் ‘மனைவி பிலார்’ என்ற வரியும் மரத்தோடு மரமாகிக் கிடந்தன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“கிழிக்காதேம்மா, பாவம்!” என்றது ஒரு குரல். “செத்தவனுக்கு ஆண்டவன் மன்னிப்புக் குடுக்கட்டும். ஆறுதல் யாருக்குச் சொல்றதுன்னுதான் தெரியல.” உள்ளே சிரிப்பு கேட்டது.

அந்தச் சனிக்கிழமை அவள் கோதுமை அவிக்கவில்லை. கடை நாற்காலியில் இப்போது நெவேனா உட்காருகிறாள். டோன்கா கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் வருகிறாள், போகிறாள். முன்கதவைத் திறப்பதில்லை, அந்தப் பக்கத்து ஜன்னலையும் திறப்பதில்லை. புதிதாகத் தெருவுக்கு வருகிறவர்கள் அது யார் வீடென்று கேட்டால், யாருமில்லை, சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம்.